கருவிழியில் பூஞ்சைப் புண்: பழைய சொட்டு மருந்தா, விலை கூடிய புது மருந்தா, அறுவையா?

கண்ணைப் பற்றி எழுத ஆரம்பித்ததிலிருந்து ஒரே மாதிரியான கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "அப்பாவுக்குக் கதிர் அறுக்கும்போது நெல் சுணை பட்டுக் கண் சிவந்தது, இப்போது பூஞ்சைப் புண் என்கிறார்கள், ஒரு டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதினார், இன்னொருவர் அதைவிட விலை கூடிய வேறொன்றை எழுதுகிறார், எதை வாங்குவது?" என்று ஒருவர். மாத்திரையும் சேர்த்துக் கேட்டு வாங்கினால் சீக்கிரம் ஆறுமா என்று இன்னொருவர். குதிரை வளர்க்கும் ஒருவர், கண்ணை எடுத்துவிடலாம் என்று கால்நடை டாக்டர் சொல்வதாகவும் மனசு வரவில்லை என்றும் எழுதியிருந்தார். மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் விலையும் புதுமையும் நல்ல வழிகாட்டிகள் இல்லை. கண்ணைக் காப்பாற்றுவது இரண்டு விஷயங்கள்: மருந்து ஊற்றும் முன்பே புண்ணைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தல், அப்புறம் வாரக்கணக்கில் நேரம் தவறாமல் சொட்டு விடுதல். இந்த இரண்டும் சரியாக நடந்த பிறகுதான் எந்த மருந்து என்ற கேள்விக்கே அர்த்தம் வருகிறது. இது டாக்டருக்குப் பதிலாகப் படிக்க வேண்டியது இல்லை, டாக்டர் எதிரே உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்க.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், பூஞ்சை எது என்பது. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில் இழை இழையாக வளரும் பூஞ்சைகள்தான் பெரும்பாலும் கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் மெல்லிய திரையை, தாக்குகின்றன, அதிலும் ஃபியூசேரியமும் ஆஸ்பர்ஜில்லஸும். மதுரையில் 1994-ல் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தபோது பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தன, பூஞ்சைகளில் கிட்டத்தட்ட பாதி ஃபியூசேரியம். குளிர் நாடுகளில் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகை அதிகம், அதுவும் ஏற்கெனவே கெட்டுப்போன கண்களில். அதனால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அங்கே கேட்டு எழுதி அனுப்பும் மருந்து இங்கே பொருந்தாமல் போகலாம்.

இரண்டாவது, புண்ணின் ஆழமும் இடமும். கருவிழியின் கனமே அரை மில்லிமீட்டர் அளவுதான். மேல் அடுக்கோடு நிற்கும் புண் வேறு, அடியில் இறங்கிக் கண்ணுக்குள்ளே வெள்ளையாகச் சீழ் படிந்திருப்பது வேறு. நடுவில் வரும் சின்னப் புண், ஓரத்தில் வரும் பெரிய புண்ணைவிடப் பார்வையை அதிகம் கெடுக்கும், ஆனால் ஓரத்துப் புண் வெள்ளை விழிக்குள் பரவினால் அதை அடக்குவது கஷ்டம்.

மூன்றாவது, எத்தனை நாள் ஆயிற்று, இடையில் என்னென்ன ஊற்றினீர்கள் என்பது. டாக்டர் கேட்கும்போது பலர் இதை மறைக்கிறார்கள். திட்டுவார்கள் என்ற பயம் புரிகிறது, ஆனாலும் சொல்லிவிடுங்கள். ஊற்றிய புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நான்காவது, சொட்டு விட ஆள் இருக்கிறதா. ஐந்தாவது, முழுச் செலவு. மருந்துச் சீட்டில் உள்ள தொகை அதில் ஒரு பகுதிதான், பஸ் செலவு, கூட வருபவரின் கூலி இழப்பு, வாரம் ஒரு முறை திரும்பிப் போவது, அறுவடை நேரத்தில் ஒரு ஆள் குறைவது எல்லாம் சேர்ந்தால் மருந்தின் விலையைத் தாண்டிவிடும். விலங்கு என்றால் ஆறாவதாக ஒன்றும் உண்டு: அதைப் பிடித்து வைத்து மருந்து விட முடியுமா, பால் கறக்கும் விலங்கா, வேலை செய்யும் விலங்கா.

## முதல் பிரிவு: வீட்டு வைத்தியமா, மருந்துக் கடையா, பரிசோதனை உள்ள ஆஸ்பத்திரியா

உண்மையில் பெரும்பாலான கண்கள் இந்த இடத்தில்தான் கெடுகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வீட்டு வைத்தியம். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, தூசியை நாக்கால் எடுப்பது. செலவு இல்லை, பாசத்தோடு செய்வது, தலைமுறையாக வருவது. சாதாரணக் கண் எரிச்சலுக்கு இதைச் செய்து சரியானவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், ஏனென்றால் சாதாரண எரிச்சல் எதுவும் செய்யாமலேயே சரியாகிவிடும். கருவிழியில் கீறல் இருந்தால் கதையே வேறு. இலைச்சாறும் பாலும் கிருமி நீக்கியவை இல்லை, கீறல் வழியாகப் புதுக் கிருமியை உள்ளே விடுகின்றன, அதைவிட முக்கியமாக நான்கைந்து நாளை விழுங்கிவிடுகின்றன. கண்ணில் செடியோ சுணையோ மாட்டு வாலோ பட்டிருந்தால் இந்த வழியை நான் எந்த நிலையிலும் சொல்ல மாட்டேன். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று பிற்பாடு ஊரில் சொல்கிற எத்தனையோ வெள்ளைத் தழும்புகள் இப்படித் தொடங்கியவை.

மருந்துக் கடை. இங்கே இருக்கும் ஆபத்து வீட்டு வைத்தியத்தைவிடப் பெரியது, ஏனென்றால் முதல் இரண்டு நாள் நன்றாக வேலை செய்வது போலத் தெரியும். கண் சிவப்பு என்று கேட்டால் பல கடைகளில் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், வலியைக் குறைக்கும், கூடவே உடம்பின் எதிர்ப்பையும் அடக்கும். பூஞ்சை அந்த நேரத்தில் தடையில்லாமல் ஆழமாக இறங்கும். பெட்டியைத் திருப்பி உள்ளடக்கத்தைப் படியுங்கள்: டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிப்ரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. டாக்டர் விளக்கு வைத்துப் பார்க்காத கண்ணில் அதை விடக்கூடாது. ஐம்பது அறுபது ரூபாயில் முடிந்தது என்று நினைக்கும் இந்த வழியின் மறைவான செலவு, பிற்பாடு கருவிழி மாற்று அறுவை வரை போகலாம்.

பக்கத்து ஊர் டாக்டர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம். போகலாம், போக வேண்டும், ஆனால் ஒரே கேள்வியோடு: "இதைச் சுரண்டிப் பார்க்க வேண்டுமா, எங்கே அனுப்புவீர்கள்?" சிராய்ப்பு மட்டும் என்றால் அங்கேயே முடியும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே மேலே அனுப்பச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் சொட்டு மட்டும் போட்டுவிட்டு நான்கு நாள் பார்ப்போம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கருவிழிப் பிரிவும் ஆய்வகமும் உள்ள கண் ஆஸ்பத்திரி. கண்ணை மரத்துப்போக வைத்துப் புண்ணின் மேல்பகுதியைச் சின்னக் கத்தியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இழை அன்றைக்கே தெரிந்துவிடும். எந்த வகை என்று தெரிய, தட்டில் வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குச் சில நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். சுரண்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேலே உள்ள செத்த திசு நீங்குவதால் மருந்து உள்ளே போவதற்கும் அது உதவுகிறது. சென்னையில் 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் இன்று பூஞ்சைப் புண் ஆராய்ச்சியில் உலகமே பார்க்கும் இடங்களில் ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் கண் பிரிவு உண்டு. தூரம்தான் இதன் குறை. பயணச் செலவையும் ஒரு நாள் கூலியையும் கணக்கில் வைத்துக்கொண்டே சொல்கிறேன், புண் என்று சந்தேகம் வந்த பிறகு இந்த ஒரு பயணத்தை மட்டும் தள்ளிப்போடக்கூடாது.

## நேட்டமைசின் 5 சதவீதச் சொட்டு

பழைய மருந்து. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பிரித்தெடுத்தது, அமெரிக்காவில் 1978-லிருந்து கண்ணுக்கு அனுமதி பெற்றது. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2017-ல்தான் சேர்ந்தது.

இதன் குறை எல்லா டாக்டர்களுக்கும் தெரியும்: மூலக்கூறு பெரியது, கருவிழிக்குள் ஆழமாக இறங்காது. விலை கூடிய புது மருந்தான வோரிகோனசோல் நன்றாக இறங்கும். காகிதத்தில் பார்த்தால் புது மருந்துதான் ஜெயிக்க வேண்டும். அதைத்தான் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள அரவிந்த் மையங்களில் நேருக்கு நேர் சோதித்தார்கள், இழைப் பூஞ்சைப் புண்ணோடு வந்த 323 பேரில், 2013-ல் முடிவு வெளியானது. நேட்டமைசின் போட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் பார்வை மேலாக இருந்தது, கருவிழி ஓட்டை விழுவதும் அவசர மாற்று அறுவை தேவைப்படுவதும் குறைவாக இருந்தன. வித்தியாசம் முழுக்க ஃபியூசேரியத்தால் வந்தது. அந்தப் பூஞ்சையில் பார்வைப் பலகையில் ஏறக்குறைய நான்கு வரிசை அளவுக்கு நேட்டமைசின் முன்னால் நின்றது. மற்றப் பூஞ்சைகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம் பகுதியில் எது அதிகம் என்று மேலே சொன்னேன், அதோடு சேர்த்துப் பாருங்கள்.

கிருமிநாசினியான குளோரெக்சிடின் விலை மலிவு என்பதால் அதையும் நேபாளத்தின் லஹானில் நேட்டமைசினோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அங்கேயும் நேட்டமைசின்தான் மேல்.

மறைவான செலவு என்ன? உழைப்பு. அரவிந்த் ஆய்வில் முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்று வாரம் ஆகும் வரை இரண்டு மணிக்கு ஒரு சொட்டு என்று விட்டார்கள். உங்கள் டாக்டர் சொல்லும் கணக்கு கொஞ்சம் மாறலாம், ஆனால் இந்த அளவு உழைப்பை எதிர்பாருங்கள். வயலுக்குப் போய்க்கொண்டே இதைச் செய்ய முடியாது. தனியாக இருக்கும் வயதானவருக்கு முதல் ஒரு வாரமாவது யாராவது கூட இருக்க வேண்டும், அது முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதே மேல். புட்டியில் மருந்து அடியில் படியும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணீர்தான் விழும். கண்ணோரத்தில் வெள்ளையாக ஒட்டுவது மருந்துதான், சீழ் என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். சில ஊர்களில் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே அடுத்த முறை வரும் வரைக்குமாகச் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

எப்போது இதுவே போதும்: இழைப் பூஞ்சை என்று நுண்ணோக்கியில் தெரிந்து, புண் மேலோட்டமாகவோ நடுத்தர ஆழத்திலோ இருக்கும்போது. அதாவது, நம் ஊரில் சீக்கிரம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு.

## வோரிகோனசோல் 1 சதவீதச் சொட்டு

மோசமான மருந்து என்று இதை நான் சொல்லவில்லை. ஆழமாக இறங்கும், ஆஸ்பர்ஜில்லஸ் மீது நன்றாக வேலை செய்யும், நேட்டமைசின் கிடைக்காத இடத்தில் கைகொடுக்கும். புண் ஆழமாக இருந்து நேட்டமைசினுக்கு மட்டும் அடங்காதபோது பல டாக்டர்கள் இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள், அது அந்தக் கண்ணைப் பார்த்து எடுக்கும் முடிவு. நான் மறுப்பது, விலை கூடுதல் என்பதால் நேட்டமைசினை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவதை. வளர்ப்புப் பரிசோதனை முடிவு வரும் முன்னால், ஃபியூசேரியமாக இருக்க வாய்ப்புள்ள கண்ணில் இதை மட்டும் நம்புவது நல்ல பந்தயம் இல்லை.

மறைவான செலவு: பெரும்பாலும் பொடியாக வரும், கலந்துதான் விட வேண்டும், கலந்த பிறகு கெடு உண்டு. கலந்த தேதியைப் புட்டி மேலே எழுதிவையுங்கள். மணிக்கணக்கில் விடும் உழைப்பு இதிலும் குறையாது, விலை கூடினால் வேலை குறையும் என்ற எண்ணம் வேண்டாம்.

ஆம்போடெரிசின் பி பற்றியும் கேட்டிருந்தார்கள். கேண்டிடாவுக்கு நல்ல மருந்து, ஆஸ்பர்ஜில்லஸுக்கும் பயன்படும், ஆனால் கண்ணுக்கென்று தயாராக வருவது அரிது, ஊசி மருந்தை ஆஸ்பத்திரியில் நீர்த்துக் கொடுப்பார்கள், எரியும், வெளிச்சம் படாமல் குளிரில் வைக்க வேண்டும்.

## மாத்திரை, கருவிழிக்குள் ஊசி, ஒளி சிகிச்சை

"மாத்திரையும் கொடுத்தால் இரட்டிப்புப் பலன்" என்ற எண்ணம் நோயாளிகளுக்கு மட்டும் இல்லை. கடுமையான புண் உள்ள 240 பேரில், இந்தியாவிலும் நேபாளத்திலுமாக, சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2016-ல் வந்த முடிவு: மொத்தமாகப் பார்த்தால் கருவிழி ஓட்டை விழுவதோ அவசர அறுவையோ குறையவில்லை, பக்க விளைவுகள் கூடின. ஃபியூசேரியம் உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்று ஒரு அறிகுறி உண்டு, அவ்வளவுதான். மாத்திரை எடுத்தால் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், கண்முன் வெளிச்சம் மின்னுவது போலத் தெரியலாம், வேறு மாத்திரைகளோடு மோதலாம். கீட்டோகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரைக்கும் கல்லீரல் கவலை உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு என்று ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தப் பட்டியலைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

ஊசியும் அப்படித்தான். கருவிழி அடுக்குக்குள்ளேயே வோரிகோனசோலை ஊசியால் செலுத்துவது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் நேட்டமைசினோடு அதைச் சேர்த்துச் சோதித்த 70 பேரில் பலன் தெரியவில்லை, ஓட்டை விழும் ஆபத்து கூடியது. ரைபோஃப்ளேவின் விட்டுப் புற ஊதா ஒளி பாய்ச்சும் முறையை 111 பேரில் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள், அதிலும் பலன் இல்லை, பார்வை இன்னும் குறைந்தது. இந்த இரண்டையும் யாராவது முதல் சிகிச்சையாகச் சொன்னால், ஏன் என்று கேட்டு இன்னொரு கருவிழி நிபுணரிடமும் காட்டுங்கள்.

மாத்திரை பொருந்தும் இடம் ஒன்று உண்டு: புண் வெள்ளை விழிக்குள் பரவியபோதும், கண்ணுக்குள்ளேயே பூஞ்சை இறங்கிவிட்டது என்று சந்தேகம் வரும்போதும் டாக்டர்கள் எழுதுவார்கள். அங்கே வேண்டாம் என்று வாதாடாதீர்கள்.

## அறுவை: பசை, கருவிழி மாற்று

ஓட்டை ரொம்பச் சின்னது என்றால் மருத்துவப் பசையால் அடைத்து மேலே ஒரு மெல்லிய லென்ஸ் வைப்பார்கள். அது நேரம் வாங்கும் வேலை, மருந்து தொடரும்.

புண் அடங்காமல் பரவினாலோ ஓட்டை பெரிதானாலோ நோயுற்ற கருவிழியை வெட்டி எடுத்துத் தானக் கருவிழியைத் தைக்கிறார்கள். இங்கே நிறையப் பேர் ஏமாற்றம் அடைகிறார்கள், காரணம் யாரும் முன்பே சொல்லாதது. இந்த அவசர அறுவையின் நோக்கம் கண் உருண்டையைக் காப்பாற்றுவதும் பூஞ்சையை வெளியேற்றுவதும்தான், பார்வை அடுத்தது. வீங்கிச் சிவந்த கண்ணில் வைக்கும் கருவிழி மங்கிப்போகும் வாய்ப்பு அதிகம். சாதாரண கருவிழி மாற்றுக்குப் பிறகு உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க ஸ்டீராய்டு சொட்டு விடுவார்கள், ஆனால் பூஞ்சை மிச்சம் இருந்தால் அந்த ஸ்டீராய்டே மறுபடி வளர்த்துவிடும் என்பதால் ஆரம்பத்தில் தைரியமாக விட முடியாது. பூஞ்சை திரும்பி வருவதும் உண்டு. எல்லாம் அடங்கிய பிறகு, பார்வைக்காக இரண்டாவது மாற்று அறுவை பற்றிப் பேசலாம்.

மறைவான செலவு இதில்தான் அதிகம்: பல மாதங்கள் திரும்பத் திரும்பப் போவது, தையல் தளர்வது, கண் நீர் அழுத்தம் ஏறுவது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் சேரும் முன்பே அங்கே செல்லுமா என்று கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும், அறுவையை டாக்டர் சொன்னால் இன்னும் ஒரு வாரம் மருந்து விட்டுப் பார்ப்போம் என்று இழுக்காதீர்கள். பூஞ்சை வெட்டும் எல்லையைத் தாண்டி ஓரம் வரை போய்விட்டால் தைப்பதற்கே நல்ல திசு இருக்காது, கண்ணையே எடுக்க வேண்டி வரும்.

| வழி | எந்தக் கண்ணுக்கு | மறைவான செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|
| நேட்டமைசின் சொட்டு | இழைப் பூஞ்சை, குறிப்பாக ஃபியூசேரியம் | மணிக்கு ஒரு முறை விட ஆள், வாரக்கணக்கில் வேலை இழப்பு | ஓட்டை விழுந்த கண்ணில் இதை மட்டும் நம்பியிருப்பது |
| வோரிகோனசோல் சொட்டு | ஆஸ்பர்ஜில்லஸ், ஆழமான புண்ணுக்குக் கூடுதலாக | கூடுதல் விலை, கலந்த பின் கெடு | நேட்டமைசினுக்கு மாற்றாக, வகை தெரியும் முன் |
| மாத்திரை | வெள்ளை விழிக்கோ உள்ளேயோ பரவியது | ரத்தப் பரிசோதனை, கல்லீரல் | மேலோட்டமான புண் |
| கருவிழிக்குள் ஊசி, ஒளி | டாக்டர் தனிக் காரணம் சொன்னால் மட்டும் | ஓட்டை விழும் ஆபத்து, பார்வைக் குறைவு | முதல் சிகிச்சையாக |
| கருவிழி மாற்று | அடங்காத புண், பெரிய ஓட்டை | மாதக்கணக்கில் கவனிப்பு, இரண்டாவது அறுவை | மருந்துக்கு ஆறிக்கொண்டிருக்கும் கண் |

## குதிரை, மாடு, நாய்

விலங்குகளில் இந்த நோய்க்கு அதிகம் ஆளாவது குதிரை. கண் பெரியது, பக்கவாட்டில் துருத்தி நிற்பது, வைக்கோலிலும் புழுதியிலும் முகம் வைத்துத் தின்பது, அதனால் கீறலும் பூஞ்சையும் சேர்ந்தே கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஃப்ளோரிடா போன்ற வெப்ப ஈரப் பகுதிகளில் குதிரை டாக்டர்களுக்கு இது பழகிப்போன நோய். கிருமிகளும் அதே ஆஸ்பர்ஜில்லஸ், ஃபியூசேரியம். ஸ்டீராய்டு களிம்பு அங்கேயும் அதே கேட்டைச் செய்கிறது.

மருந்து மட்டும். பயங்கர வலியில் இருக்கும் குதிரை கண்ணிமையை இறுக்கி மூடிக்கொள்ளும், நாளுக்குப் பல முறை அதைத் திறந்து சொட்டு விடுவது ஆளுக்கும் ஆபத்து. அதனால் இமைக்கு உள்ளே ஒரு மெல்லிய குழாயைப் பொருத்திப் பிடரி மயிரோடு பின்னிக் கழுத்து வரை கொண்டுவந்துவிடுகிறார்கள், மருந்தைக் கழுத்துப் பக்கம் நின்றே செலுத்தலாம். இந்தக் குழாய் இல்லாமல் மருந்து மட்டும் என்று முடிவெடுத்தால் பாதியில் கைவிடும் வாய்ப்பு அதிகம். கருவிழி கூழாவதைத் தடுக்க அந்தக் குதிரையின் ரத்தத்திலிருந்தே சீரம் எடுத்துச் சொட்டாக விடுவதும் உண்டு. வலிக்கு விடும் அட்ரோபின் குதிரையின் குடல் அசைவைக் குறைத்து வயிற்று வலி வரவழைக்கலாம், சாணம் போடுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். வாரங்கள் ஆகும், மாதத்தைத் தாண்டலாம்.

அறுவை. கெட்ட பகுதியைச் சீவி எடுத்துவிட்டுக் கண்ணின் வெண்படலத்தை இழுத்து மேலே தைப்பது. ரத்த ஓட்டம் உள்ள திசு நேரடியாகப் புண்ணின் மேல் உட்கார்வதால் ஆறுவது வேகம். தழும்பு நிற்கும், மயக்க மருந்து வேண்டும், செய்யக்கூடிய இடங்கள் குறைவு. தமிழ்நாட்டில் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல்லிலும் கல்லூரி இருக்கிறது.

கண்ணை எடுப்பது. எழுதிக் கேட்ட அன்பருக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். மனசு வரவில்லை என்பது நியாயம். ஆனால் பார்வை ஏற்கெனவே போய், ஓட்டை விழுந்து, வலி மட்டும் மிஞ்சிய கண் அந்த விலங்குக்கு எதையும் தருவதில்லை. ஒற்றைக் கண்ணோடு குதிரைகள் நன்றாக வாழ்கின்றன, தீனியும் நடமாட்டமும் சீக்கிரமே பழைய நிலைக்கு வரும். கண்ணில் இன்னும் வெளிச்சம் தெரிகிறது, குழாய் போட ஆள் உண்டு, தினமும் பார்க்க நீங்கள் இருக்கிறீர்கள் என்றால் மருந்தோ தையலோ. மூன்றில் ஒன்று இல்லை என்றால் டாக்டர் சொன்னதை இன்னொரு முறை யோசியுங்கள்.

மாட்டுக்குக் கண் வெளுத்தால் முதலில் நினைக்க வேண்டியது பூஞ்சையை இல்லை, மொராக்செல்லா என்ற பாக்டீரியாவால் வரும் தொற்றுக் கண்நோயை. ஈ மூலம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும், அதற்கு ஆன்டிபயாடிக் போதும். ஒரு மாட்டுக்கு மட்டும் வந்து, முள்ளோ தோகையோ பட்டிருந்து, ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காவிட்டால் பூஞ்சை என்று சந்தேகிக்கலாம். சில ஊர்களில் உப்பையோ புகையிலையையோ மென்று மாட்டின் கண்ணில் துப்புவார்கள், தயவு செய்து வேண்டாம், அந்தக் கண்ணுக்கு அது பொறுக்க முடியாத எரிச்சல். கறவை மாடு என்றால் எந்த மருந்துக்கும் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று கேட்டே ஆரம்பியுங்கள். மோசமான கண்ணை மரத்துப்போகும் ஊசி போட்டுக் கொட்டகையிலேயே எடுத்துவிட முடியும், பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

நாயிலும் பூனையிலும் இது அரிது. நீண்ட நாள் ஸ்டீராய்டு சொட்டு விட்ட கண்ணிலும், கண் துருத்திய பக், ஷிட்சூ வகைகளில் ஆறாமல் கிடக்கும் புண்ணிலும் யோசிக்க வேண்டும். மனிதருக்கு வாங்கி மிச்சம் இருக்கும் சொட்டை நாய்க்கு விடாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். காலால் கண்ணைத் தேய்க்காமல் கழுத்தில் கூம்பு மாட்டுவது மருந்து அளவுக்கே முக்கியம்.

## இன்னும் புண் ஆகவில்லை, சிராய்ப்பு மட்டும்தான் என்றால்

பூஞ்சை வரும் முன்பே பூஞ்சை மருந்து போட்டுவிடலாமா என்பது கடைசிக் கேள்வி. தேவையில்லை என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தென்னிந்தியக் கிராமங்களில் கருவிழிச் சிராய்ப்பு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் களிம்போடு பூஞ்சைக் களிம்பும், மீதிப் பேருக்கு ஆன்டிபயாடிக்கோடு மருந்தில்லாத களிம்பும் கொடுத்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆறின. சீக்கிரமாக மேல்தோல் மூடிவிட்டால் பூஞ்சைக்கு இடம் கிடைப்பதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் களிம்பை ஊருக்குள் கொண்டுபோனாலே போதும் என்றும் இல்லை, பின்னாளில் நேபாளத்தில் ஊர்த் தன்னார்வலர்களைக் கொண்டு பெரிய அளவில் செய்தபோது மொத்தப் புண்களின் எண்ணிக்கை குறையவில்லை.

நேரம்தான் இங்கே தீர்மானிப்பது. நேபாளத்தின் பக்தபூரில் சிராய்ப்புக்குக் குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு போட்ட 442 பேரில் 18 மணி நேரத்துக்குள் ஆரம்பித்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. காலையில் வயலில் கண்ணில் பட்டால் அன்று சாயங்காலத்துக்குள் காட்டிக் களிம்பு வாங்கிவிடுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெள்ளைப் புள்ளி தெரிந்தால், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால், களிம்பை நம்பிக் காத்திருக்காமல் சுரண்டிப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு இந்தக் களிம்புக் கணக்கு பொருந்தாது, அவர்கள் லென்ஸைக் கழற்றி, டப்பாவோடும் திரவத்தோடும் அன்றைக்கே நேராகக் கண் டாக்டரிடம் போக வேண்டும்.